கனகம் நேர்ந்துகொண்ட எட்டு ஜோடிக் கால்

பட்டைக் கம்பெனியின் புகைபோக்கியில் நான்கு மாதம் புகை வராமல் இருந்தபோது கனகம் திருப்பதிப் பெருமாளிடம் ஒரு பேச்சுப் பேசி வைத்தாள். உலை மறுபடி பற்றினால், உலையடியில் வேலை செய்யும் எட்டுப் பேரும் பிள்ளைப்பாக்கத்திலிருந்து உன் மலைக்கு நடந்தே வருவார்கள் என்றாள். எட்டுப் பேரில் ஒருவன் அவள் புருஷன் திருமலை. அவனையும் கேட்கவில்லை, மற்ற ஏழு பேரையும் கேட்கவில்லை. பெருமாளிடம் மட்டும்தான் பேசினாள்.

கனகத்துக்குக் கம்பெனி கேட்டுக்கு எதிரே ஓலைக் கொட்டகையில் சோற்றுக் கடை. லாரிக்கு அடியில் போடுகிற இரும்புப் பட்டைகளைச் சிவக்கக் காய்ச்சி வளைக்கிற கம்பெனி அது. உள்ளே உலை எரிந்தால்தான் வெளியே இவள் அடுப்பு எரியும். ஆர்டர் இல்லை என்று சித்திரையில் உலையை அணைத்தார்கள். ஆவணியில் பற்ற வைத்தார்கள். முதல் புகையைப் பார்த்ததும் கனகம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். அன்று மத்தியானம் எட்டுப் பேரும் சோற்றில் சாம்பாரைக் குழி பறித்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னாள்.

எட்டுக் குழியிலும் சாம்பார் நிரம்பி வழிந்தது.

"யக்கா, நான் மாதா கோயிலுக்குப் போறவன்க்கா. என் கால எதுக்குச் சேத்த?" என்றான் தாவீது.

"எட்டு பேருன்னு வாயில வந்துட்ச்சி. ஏழுன்னா கொறையா இருக்கும்ல? உன் காலு மட்டும்தான் வேணும் தாவீது. மனச நீ எங்க வேணா வெச்சிக்க."

"எங்கூட்ல ஞானம்மா கேட்டா?"

"ஞானம்மாகிட்ட நான் பேசிட்டேன். உன்ன எங்கனா கூட்டிகினு போனா போதும்னு சொல்டா."

திருமலை தலையைத் தூக்காமல் சொன்னான். "ஏன்மே, உங்காலு எங்கமே இதுல?"

"நான் வந்தா யாரு சோறாக்கறது? நான் வண்டில வர்றேன், பாத்திரத்தோட."

வண்டி என்ற சொல் அங்கேதான் முதலில் விழுந்தது. அது விழுந்த இடத்தில் நடேசன் காதை நிமிர்த்திக்கொண்டான். அவன் உலை மேஸ்திரி. எந்த வேலையையும் செய்வதைவிட, செய்ய ஏற்பாடு பண்ணுவதில் ஆசை உள்ளவன்.

நடப்பதைத் தள்ளிப்போடவும் வழியில்லாமல் போயிற்று. உலைக்குள் செங்கல் பூச்சு உதிர்ந்துவிட்டதென்று, புரட்டாசியில் ஒரு வாரம் உலையை அணைத்து உட்சுவரை மாற்றப்போவதாக சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எட்டுப் பேருக்கும் அந்த வாரம் வேலை இல்லை. கனகம் சோறு போடுவதை நிறுத்திவிட்டு அவர்கள் முன்னால் வந்து நின்றாள்.

"பாத்தியா. அணைக்கறாங்க. அவுரு பாத்துகினே கீறாரு. சொன்னது இன்னாச்சின்னு கேக்கறாரு. நீங்க நடக்கலன்னா திங்கக்கெழம அது பத்தாது. நான் சொல்லிட்டேன். பத்தவே பத்தாது."

பற்றாது என்று அவள் சொன்னபோது குரல் வேடிக்கையாக இல்லை. நான்கு மாதம் அவள் என்ன தின்றாள் என்பது எட்டுப் பேருக்கும் தெரியும். அவர்களும் அதையேதான் தின்றார்கள்.

"ஏற்பாட்ட என்னாண்ட வுடுக்கா," என்றான் நடேசன்.

* * *

கம்பெனி பட்டைகளை மறைமலை நகருக்கு ஏற்றிப்போகிற டெம்போ மோகனுடையது. உலை அணைந்தால் அவனுக்கும் லோடு இல்லை. டீசல் மட்டும் போட்டால் வருகிறேன் என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடேசன் அவனோடு ஏறி, தங்குமிடம் பார்க்கப் புறப்பட்டுப் போனான். திங்கட்கிழமை சாயங்காலம் சிவந்த கண்ணோடு திரும்பி வந்து, கனகத்தின் கொட்டகையில் உட்கார்ந்து, எல்லோரையும் கூப்பிட்டான்.

"மொத நாளு திருவள்ளூருக்கு இந்தாண்ட மணவாள நகர்ல ஒரு ரைஸ் மில்லு."

"எவ்ளோ தூரம்?" என்றான் சுப்பன். எட்டுப் பேரில் பருமனானவன் அவன். கையில் சம்மட்டி இருந்தால் யானை. கீழே வைத்துவிட்டால் தூங்கிவிடுவான்.

"நாலு பீடி."

"இன்னாது?"

"டெம்போல மீட்டர் ஓடலடா. அதான் பீடி பத்த வெச்சி பத்த வெச்சிக் கணக்கு எடுத்தேன். திருவள்ளூரு நாலு பீடி. திருத்தணி, அதுக்கு மேல ஒரு ஆறு பீடி. புத்தூருக்கு எண்ணல, கட்டு தீந்துட்ச்சி."

"மேஸ்திரி, நாலு பீடின்னா டெம்போல போறப்போ நாலா, நடந்தா நாலா?" என்று தாவீது கேட்டான்.

நடேசன் யோசித்தான். "பீடி பீடிதானடா," என்றான்.

ரைஸ் மில் கணக்குப்பிள்ளை எடுத்ததும் எத்தனை மூட்டை என்று கேட்டாராம். மூட்டை இல்லை, ஆள், எட்டு ஆள் என்று நடேசன் சொன்னானாம். அப்படியென்றால் நெல் காயப்போடும் களத்தில் படுத்துக்கொள்ளுங்கள், உள்ளே எலி என்றாராம். ஃபேன் உண்டா என்று நடேசன் கேட்டதும், களத்துக்கு மேலே வானத்தைக் காட்டினாராம். திருத்தணியில் சத்திரம் கிடைத்தது. அங்கே கக்கூஸ் இருக்கிறது, கதவு இல்லை, ஆனால் ஒருத்தன் நின்று மறைத்துக்கொள்ளலாம். புத்தூர்தான் சிக்கல். அது ஆந்திரா, எல்லோரும் தெலுங்கு.

"நான் எட்டு விரலக் காட்னேன். தூங்கற மாதிரி கன்னத்துல கைய வெச்சி, தலைய சாச்சிக் காட்னேன். கும்புட்டுக் காட்னேன். அந்தாளும் சந்தோசமா தலைய ஆட்டிகினே இருந்தான். அட்வான்சு குடுக்கப் போனேன், வாங்கல. அவ்ளோ நல்லவன்."

"இன்னா எடம் அது?"

"பெஞ்சி கீது, கண்ணாடி கீது, ஃபேன் கீது. பெரிய எடத்துப் புள்ள போல."

பிறகு, எதை எதை ஏற்றுவது என்று பேசினார்கள். அரிசி, பருப்பு, கனகத்தின் அண்டா, ஸ்டவ். இதுவரை தகராறு இல்லை. சுப்பன் தன் கயிற்றுக் கட்டிலை ஏற்றவேண்டும் என்றான். தரையில் படுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், பிடித்துக்கொண்டால் நடக்க முடியாது, நடக்காவிட்டால் வேண்டுதல் கெட்டுவிடும், ஆகவே கட்டில் பெருமாள் காரியம் என்றான். கட்டில் ஏறியது. கட்டில் ஏறியதும் இன்னொருத்தன் கொசுவலை கேட்டான். மற்றொருத்தன் சைக்கிளை ஏற்றலாமா என்று கேட்டான்.

"சைக்கிள் எதுக்குடா, நடக்கத்தானே போற?"

"அவசரத்துக்கு."

மோகன் டெம்போவின் மேல் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "நடக்கறவங்க எத்தினி பேரு, ஏறிகினு வர்றவங்க எத்தினி பேரு? எனக்கு லோடு தெரியணும்ல?"

அரிசிக்குக் காவல் ஒருத்தன் வேண்டும் என்று முடிவாயிற்று. அண்டாவைத் தூக்கி இறக்கக் கனகம் ஒருத்தியால் ஆகாது, கூட ஒரு ஆள் வேண்டும். முன்னாலேயே போய்க் களத்தைப் பெருக்கி வைக்க ஒருத்தன். வழி தெரிந்தவன் நடேசன் மட்டும்தான், வழி சொல்ல அவன் வண்டியில் இருந்தே ஆகவேண்டும். சுப்பனுக்குக் காலாணி. தாவீதுக்குக் கொஞ்சம் தெலுங்குப் பாட்டு தெரியும், புத்தூரில் பேச அவன் தெம்பாக வந்துசேர வேண்டும். இன்னொருத்தனுக்குக் காரணமே இல்லை, ஆனால் அவன் சைக்கிளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

தாவீது விரல்விட்டு எண்ணினான். "மேஸ்திரி, ஏழு பேரு ஏறிட்டானுங்கோ. நடக்கறதுக்கு திருமலையண்ணன் மட்டும்தான் கீறாரு."

"நான் எதுக்கு?" என்றான் திருமலை.

"வேண்டிகினது உன் சம்சாரம்தானய்யா."

கனகம் அப்போது பின்பக்கம் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். நடேசன் குரலைத் தாழ்த்தினான். அங்கேதான் அவனுக்கு யோசனை உதித்தது. அது ஏமாற்று என்று அவன் நினைக்கவில்லை. இன்றைக்கும் நினைக்கவில்லை.

* * *

உலையடியில் 'கை மாத்து' என்று ஒன்று உண்டு. பட்டையை நெருப்பிலிருந்து கொறட்டால் பிடித்து இழுத்தால், அச்சில் வளைத்து எண்ணெயில் முக்குகிறவரை கீழே விழக்கூடாது. விழுந்தால் சொத்தை. ஆனால் அந்தச் சூட்டில் ஒருத்தன் அவ்வளவு நேரம் நிற்க முடியாது, முகத்தோல் இழுக்கும். அதனால் பாதியில் அடுத்தவன் வந்து கொறட்டில் கை வைப்பான். "புடிச்சியா?" என்பான் பழையவன். "புடிச்சேன், வுடு," என்பான் புதியவன். "வுட்டேன்," என்று சொல்லிவிட்டு இவன் விலகித் தண்ணீர் குடிப்பான். எத்தனை கை மாறினாலும் பட்டை ஒன்று. கூலியும் எட்டுப் பேருக்குச் சமம்.

இதில் ஒரு சட்டம் உண்டு. "வுடு" என்று சொல்லியும் பழையவன் பதில் பேசவில்லை என்றால், அவன் நின்றபடியே மயங்கிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அந்த நிமிடம் யார் எங்கே இருந்தாலும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தாலும், எட்டுப் பேரும் கொறட்டுக்கு ஓடிவர வேண்டும். சுப்பன் ஒருமுறை சோற்றுக் கையோடு ஓடி வந்து திருமலையின் இடுப்பைப் பிடித்திருக்கிறான். இல்லாவிட்டால் திருமலை உலைக்குள்ளே போயிருப்பான்.

"அதே மாதிரிதான்," என்றான் நடேசன். "மஞ்சத்துணில காசு முடிஞ்ச முடிப்பு ஒண்ணு கீதுல்ல. அதை ஒருத்தன் கைல எடுத்துகினு நடக்கறான். மத்தவன் வண்டில. அவனுக்கு முடியலன்னா அடுத்தவன் எறங்கி கை மாத்தறான். முடிப்பு கீழ வைக்கல, வண்டி ஏறல, நிக்காம நடந்தே மலைக்குப் போவுது. லைன் நிக்கல. எட்டு பேரும் நடந்த மாதிரி ஆச்சா இல்லியா?"

எட்டுப் பேருக்கும் அது நியாயமாகவே பட்டது. பதினைந்து வருஷமாக அப்படித்தான் கூலி வாங்குகிறார்கள்.

"யக்காகிட்ட சொல்லணுமா?" என்றான் தாவீது.

"அதுக்கு எதுக்கு இந்த டெக்னிக்கல் விஷயம்," என்றான் நடேசன்.

* * *

விடியற்காலையில் மஞ்சள் வேட்டி கட்டி, நாமம் போட்டுக்கொண்டு எட்டுப் பேரும் பிள்ளைப்பாக்கத்தை விட்டு நடந்தே புறப்பட்டார்கள். ஊர் பார்த்தது. ஸ்ரீபெரும்புதூரிலும் நடந்தார்கள். அங்கேயும் ஊர் பார்த்தது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் கற்பூரம் ஏற்றி, கோவிந்தா போட்டுவிட்டுத் திருவள்ளூர் ரோட்டில் திரும்பினார்கள். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் ஒரு புளியமரம் இருந்தது.

கனகம் டெம்போவில் முன்சீட்டில் மோகன் பக்கத்தில் உட்கார்ந்து பின்னால் வந்தாள். காலுக்கடியில் மளிகை மூட்டை, மடியில் சாமி படம். காசெட்டில் கோவிந்த நாமம் கத்திக்கொண்டிருந்தது. புளியமரத்தடியில் மோகன் வண்டியை நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று இறங்கினான். அந்த நேரத்தில் ஏழு பேர் பின்பக்கத் தார்ப்பாயைத் தூக்கி, பூனை மாதிரி உள்ளே போனார்கள். செருப்பைக் கழற்றி மூலையில் போட்டார்கள். சுப்பன் தன் கட்டிலிலேயே படுத்துவிட்டான்.

வண்டி புறப்பட்டதும் ரோட்டோரம் திருமலை மட்டும் முடிப்பைப் பிடித்துக்கொண்டு போவது தெரிந்தது.

"இது மட்டும் இன்னா தனியா போவுது? மத்தவங்க எங்க?"

"முன்னால பூட்டாங்கக்கா," என்றான் மோகன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"பாத்தியா, எல்லாத்துலயும் இதுதான் கடைசி," என்று கனகம் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் புருஷன் நடப்பதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

முன்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். ஆள் யாரும் அகப்படவில்லை. ஆடு அகப்பட்டது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அகப்பட்டார்கள், மஞ்சள் வேட்டி ஒன்றும் இல்லை. ஓர் ஏரிக்கரை ஓரம் மோகன் மறுபடி நிறுத்தி, தண்ணீர் கேனை எடுத்தான்.

"இன்னாடா, இதுக்கு இவ்ளோ தாகம்?"

"பழைய வண்டிக்கா."

அவன் கேனோடு ஏரிக்கு இறங்கினான். போகும்போது காசெட் ஒரு பக்கம் முடிந்து நின்றது. நின்றதும் கனகத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மாவு மில் ஓடுகிற மாதிரி இருந்தது. ஐந்து வருஷமாகத் தன் கொட்டகையில் மத்தியானத்துக்கு மத்தியானம் கேட்கிற குறட்டை அவளுக்குத் தெரியாதா? இறங்கிப் பின்பக்கம் போய்த் தார்ப்பாயைத் தூக்கினாள்.

கட்டிலில் சுப்பன். கட்டிலுக்குக் கீழே இரண்டு பேர், சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு பேர். அரிசி மூட்டை மேல் தாவீது. அண்டாவுக்குள் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான் நடேசன்.

"யக்கா, ஒரு நிமிசம். சொல்றத முழுசா கேளு," என்றான் நடேசன், அண்டாவிலிருந்து எழுந்திருக்க முடியாமல்.

முழுசாகக் கேட்டாள். கை மாத்து, முடிப்பு, லைன் நிக்காதது, எல்லாவற்றையும் சொன்னான். "பட்டைய எத்தினி பேரு புடிச்சாலும் பட்டை ஒண்ணுதானக்கா. போய் சேருதா, இல்லியா?"

"நான் முடிப்பு நடக்கும்னு சொல்லலடா. காலு நடக்கும்னு சொன்னேன்."

"கூலி குடுக்கறவன் யாரு எவ்ளோ நேரம் புடிச்சான்னு கேக்கறானாக்கா?" என்றான் தாவீது.

"கம்பெனிக்காரன் கேக்க மாட்டான். அவுரு கேப்பாரு. உங்கள கேக்க மாட்டாரு, என்னைக் கேப்பாரு. எட்டுன்னு சொன்னவ நான்." அவள் அண்டாவைக் காட்டினாள். "திங்கக்கெழம அது பத்தலன்னா நீங்க வாலாஜாபாத்துல எங்கனா மூட்ட தூக்கப் போவீங்க. நான் யாருக்குடா சோறாக்குவேன்?"

சுப்பன் மட்டும் தூக்கத்தில் 'ம்' என்றான்.

கனகம் தார்ப்பாயை விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். கொஞ்ச தூரத்தில் திருமலை வேர்த்துக்கொட்டி வந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முடிப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"இன்னாமே, நீ எங்க இங்க?"

அவள் அவன் பின்னால் கையை விட்டு முடிப்பைப் பிடித்தாள்.

பழக்கதோஷம். "புடிச்சியா?" என்றான்.

"புடிச்சேன். வுடு."

"வுட்டேன்," என்று விட்டுவிட்டான். விட்ட பிறகுதான் யோசித்தான்.

முடிப்பை எடுத்துக்கொண்டு கனகம் மறுபடி திரும்பி, டெம்போவைக் கடந்து, திருவள்ளூர் பக்கம் நடந்தாள். மோகன் அதற்குள் கேனை வைத்துவிட்டு சீட்டில் ஏறி, காசெட்டைத் திருப்பிப் போட்டுவிட்டான். பின்னால் சண்டை நடப்பது அவனுக்குத் தெரியும். சண்டை முடியட்டும் என்று கண்ணை மூடி நாமம் கேட்டுக்கொண்டிருந்தான். நடேசன் ஒருவழியாக அண்டாவிலிருந்து விடுபட்டு, குதித்து ஓடிப்போய் முடிப்பில் கை வைத்தான்.

"புடிச்சேன்க்கா. வுடு."

கனகம் பதில் பேசவில்லை.

"யக்கா, புடிச்சேன். வுடு!"

பதில் இல்லை.

அவ்வளவுதான். இது ரோடு, உலை இல்லை என்று மூளை சொல்வதற்குள் கால் இறங்கிவிட்டது. தாவீது அரிசி மூட்டையிலிருந்து குதித்தான். கட்டிலுக்குக் கீழே இருந்தவர்கள் உருண்டு விழுந்தார்கள். சுப்பன் தூக்கத்திலேயே எழுந்து, எங்கே கொறடு, எங்கே கொறடு என்று கத்திக்கொண்டு, வண்டிப் பலகையில் தட் தட் என்று இரண்டு அடி அடித்துவிட்டுக் குதித்தான். பின்னால் வந்த திருமலையும் ஓடினான். எட்டுப் பேரும் போய்ச் சேர்ந்து, எலுமிச்சம்பழம் அளவு இருந்த ஒரு முடிப்பை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள். சுப்பன் கனகத்தின் இடுப்பைப் பிடிக்கப்போய், திருமலை முறைத்ததும் திருமலையின் இடுப்பைப் பிடித்தான்.

கனகம் நடையை நிறுத்தவில்லை. எட்டுப் பேரும் அவளோடு பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தார்கள்.

"மயக்கமா இன்னாடா?"

"கண்ணு முழிச்சிகினுதான கீது."

"பதில் சொல்ல மாட்டேங்குதே. வுட்டுட்டுப் போவலாமா?"

"பதில் வர்ற வரைக்கும் எப்பிட்றா வுடுவ? சட்டம் தெரியாதா உனக்கு?" என்று நடேசனே அதட்டினான்.

அப்போது டெம்போ அவர்களைத் தாண்டிப் போயிற்று.

பலகையில் இரண்டு தட்டு தட்டினால் 'போகலாம்' என்று அர்த்தம். மோகனுக்கு அது தெரியும். கனகம் பின்னால் ஏறிக்கொண்டு எல்லோரையும் திட்டிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தான். ரோட்டில் கும்பலாகப் போன மஞ்சள் வேட்டிகளை வேறு யாரோ பக்தர்கள் என்று நினைத்து, மரியாதையாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனான். எட்டுப் பேரும் கத்தினார்கள். கோவிந்த நாமத்துக்கு முன் அது எடுபடவில்லை.

டெம்போ ஒரு புள்ளியாகிப் போயிற்று. அதில் அரிசி போயிற்று, அண்டா போயிற்று, கட்டில், கொசுவலை, அவசரத்துக்கு வைத்திருந்த சைக்கிள், நடேசனின் பீடிக்கட்டு, எட்டு ஜோடியில் ஏழு ஜோடிச் செருப்பு எல்லாம் போயிற்று.

* * *

உலைக்காரன் கையைத் தொட்டால் கருங்கல். கால் அப்படி இல்லை. வருஷம் முழுக்க பூட்ஸுக்குள் வெந்து கிடக்கிற கால், பச்சைக் குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கும். தார் ரோடு மத்தியான வெயிலில் அதைப் பதம் பார்த்தது. சுப்பன் ஓர் அடிக்கு ஒரு தரம் 'கோவிந்தா' என்றான். பக்தியில் இல்லை.

திருமலை ஒருவன்தான் செருப்போடு நடந்து வந்தவன். அதற்கு ஏழு பேர் கை மாத்துக் கேட்டார்கள். அவன் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். யாருக்கும் கொடுக்கவில்லை, தானும் போடவில்லை.

வழியில் ஒரு பம்புசெட்டில் கால் நனைத்தார்கள். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை ஒருத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். திருப்பதிக்கு என்றார்கள்.

"மூட்ட முடிச்சு ஒண்ணும் இல்லாமயா?"

"அது முன்னாடியே சாமி கும்புடப் பூட்ச்சிம்மா," என்றான் தாவீது.

அவள் சிரித்துவிட்டுத் தன் தூக்கிலிருந்த கூழைக் கொடுத்தாள். ஒன்பது பேருக்கு ஆளுக்கு இரண்டு வாய் வந்தது.

சாயங்காலம் ஆகும்போது கனகத்தின் செருப்பு வார் அறுந்தது. அதை வேலியில் எறிந்துவிட்டு நொண்டிக்கொண்டே நடந்தாள். முடிப்பை மட்டும் விடவில்லை. திருமலை தன் செருப்பை அவள் காலடியில் போட்டான்.

"நீ எதுக்குமே நடக்கற? உன் காலுதான் இந்தக் கணக்குல இல்லியே. ஏதாவது பஸ்ல ஏறிப் போயேன்."

முடிப்பை வாங்கியதிலிருந்து முதல் தடவையாக அவள் வாயைத் திறந்தாள்.

"நான் நின்னா நீங்க நிப்பீங்க."

ஆண் செருப்பு அவளுக்குப் படகு மாதிரி இருந்தது. சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு நடந்தாள். எட்டுப் பேருக்கும் அதற்கப்புறம் கால் வலியைப் பற்றிப் பேச வெட்கமாக இருந்தது. சுப்பன் மட்டும் பேசினான்.

* * *

பொழுது சாய்கிற நேரத்தில் திருவள்ளூருக்கு முன்னால் ஒரு செக்போஸ்ட் வந்தது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு அந்தப் பக்கம் எந்த வண்டியையும் நிறுத்தாமல் விடுவதில்லை. டெம்போ ஓரமாக நின்றது. அதன் பக்கத்தில், சுப்பனின் கயிற்றுக் கட்டில் மேல், மோகன் அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்தான். கட்டிலின் மறுமுனையில் ஏட்டையா ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

நடந்தது இதுதான். வண்டியில் யார் என்று ஏட்டையா கேட்டார். எட்டுப் பேர், ஒரு அம்மா, திருப்பதிக்கு நடந்து போகிறார்கள் என்றான் மோகன். நடந்து போகிறவர்கள் வண்டியில் எப்படி வருவார்கள் என்று அவர் கேட்டார். மோகன் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினான். தார்ப்பாயைத் தூக்கினால் ஒருத்தரும் இல்லை. ஏழு ஜோடிச் செருப்பு மட்டும் இருந்தது. மத்தியானத்திலிருந்து ஒரே கேள்வி. செருப்புக்குள் இருந்த ஆட்களை என்ன செய்தாய்?

"அதோ! அதோ வர்றாங்க சார்! உயிரோட வர்றாங்க!" என்று மோகன் எழுந்து குதித்தான்.

ஏட்டையா டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார். "எட்டு பேருன்னான். முடிப்ப இறுக்கப் புடிச்சிகினு இந்தம்மா ஒம்போதாவது. இது யாரு?"

"அது ஸ்டெப்னி சார்," என்றான் தாவீது.

"நடந்தா வந்தீங்க?"

"நடந்துதான் சார்."

"யார்ரா நம்புவா? வரிசையா உக்காரு. காலக் காட்டு."

எட்டுப் பேரும் ரோட்டோரம் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டினார்கள். ஏட்டையா டார்ச் அடித்து ஒவ்வொரு காலாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார். கொப்புளம், வெடிப்பு, தார், முள். சுப்பனின் காலைப் பார்த்ததும் 'உச்' கொட்டினார். மேஸ்திரியின் கால் மற்ற எல்லோரையும்விட மோசமாக இருந்தது.

"நடந்துதான் வந்திருக்கானுங்க," என்றார்.

கனகம் ஓரடி முன்னால் வந்தாள். "எண்ணிட்டீங்களா சார்?"

"எண்ணியாச்சும்மா. எட்டு."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார்."

"எட்டு பேரும்மா! எட்டு பேரும் நடந்துதான் வந்திருக்கானுங்க!" என்று அவர் எரிச்சலில் கத்தினார்.

கனகம் மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கைகூப்பினாள். "கேட்டுகினியா?" என்றாள். பிறகு நடேசன் பக்கம் திரும்பி முடிப்பை நீட்டினாள்.

"புடிச்சியா?"

"புடிச்சேன்க்கா. வுடு."

"வுட்டேன்," என்று சொல்லிவிட்டு, அப்படியே கட்டிலில் ஏட்டையாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

* * *

மறுநாளிலிருந்து மோகன் வண்டியை முன்னால் ஓட்டிப்போனான். பின்னால் யாரும் ஏறவில்லை, ஏறலாமா என்று யாரும் கேட்கவும் இல்லை. கனகத்தை முன்சீட்டில் உட்காரச் சொன்னார்கள். இவனுங்கள நம்ப முடியாது என்று சொல்லிவிட்டு அவளும் நடந்தாள். திருத்தணிச் சத்திரத்தில் எட்டுப் பேரும் முறைவைத்துக் கதவாக நின்றார்கள். புத்தூரில் நடேசன் பிடித்துவைத்த இடம் முடிதிருத்தும் கடை. கடைக்காரர் எட்டு மொட்டைக்குத் தயாராக, தண்ணீர் காயவைத்துக் கத்தி தீட்டி வைத்திருந்தார். தங்குவதற்கு என்று விளக்குவதற்குள் சுப்பனுக்கு ஒரு பக்கம் வழித்துவிட்டார். மறுபக்கத்தையும் வழித்துக்கொண்டு, அங்கேயே பெஞ்சில் படுத்து எழுந்தார்கள். ஃபேன் இருந்தது. மலைப்படி ஏறும்போது எட்டுப் பேரும் முடிப்பைக் கை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் மாற்றிக்கொடுத்தவனும் கூடவே ஏறினான்.

திங்கட்கிழமை காலை உலையைப் பற்ற வைத்தார்கள். முதலில் கறுப்பாக ஒரு மூச்சு வந்தது. பிறகு நின்றது. கேட்டுக்கு எதிரே கனகம் கரண்டியோடு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். பிறகு புகைபோக்கி நிறையப் புகை வந்தது. இந்தத் தடவை கரண்டியை அவள் கீழே வைக்கவில்லை. திரும்பி அரிசியில் இன்னும் ஒரு படி கூட்டிப் போட்டாள்.

மத்தியானம் எட்டுப் பேரும் நொண்டிக்கொண்டு சாப்பிட வந்தார்கள். பூட்ஸ் போட முடியாமல் எட்டுப் பேர் காலிலும் துணி சுற்றியிருந்தது. நடேசன் சோற்றைப் பிசைந்தபடி கண்ணை இடுக்கினான். அவன் ஏதோ ஏற்பாடு யோசிக்கிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"யக்கா, இந்த வருசம் தப்பு எங்க நடந்துட்ச்சின்னா, ஒரே வண்டி. அடுத்த வருசம் ரெண்டு டெம்போ சொல்லிட்டோம்னா, ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால..."

கனகம் பதில் பேசவில்லை.

அடுத்த நிமிடம் எட்டுப் பேரும் சோற்றுக் கையோடு எழுந்து நின்றிருந்தார்கள்.